காவிப்பொடியும் மோட்டார்க் கண்ணாடியும்

கண்ணாடியில் கீறல் போட யாருக்கும் படிப்பு வேண்டாம். அதை எடுக்கத்தான் கை, கழுத்து, தோள்பட்டை, பொறுமை எல்லாவற்றையும் பலி கொடுக்க வேண்டும். அழுக்கை எடுக்கிறவனையாவது நாலு பேர் மெச்சுவார்கள். கீறல் எடுக்கிறவனுக்கு அதுவும் கிடையாது. வேலை நன்றாக முடிந்தால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாததை யார் மெச்சுவார்கள்? அடிப்பிடித்த பாத்திரமோ, வேட்டியில் விழுந்த வாழைக்கறையோ, எதையாவது தேய்த்துத் தேய்த்துத் தோற்றுப்போய், மறுபடியும் தேய்க்க உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

தென்காசி ரத வீதியில் எனக்கு ஒரு படக்கடை இருந்தது. சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது, பீரோவுக்குக் கண்ணாடி மாட்டுவது, இதுதான் பிழைப்பு. யுத்தம் வந்தது. சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணாடி நின்றுபோனது. மோட்டார் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். கண்ணாடி உடைந்தால் பலகை அடித்துக்கொண்டு ஓட்டினார்கள். கீறினால் என்ன செய்வதென்று தெரியாமல் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். கீறல் எடுப்பது எனக்கென்ன பரம்பரைத் தொழிலா? ஒரு டிரைவர் வந்து கேட்டான்; முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டபிறகு முடித்துத்தானே ஆக வேண்டும்?

கண் யாருக்குப் போயிற்று

அந்த டிரைவர் பெயர் இசக்கிமுத்து. அரிசி மில் முதலாளி வீட்டில் முதல் மோட்டார் வந்து இறங்கிய நாளிலிருந்து அவன்தான் ஓட்டுகிறான். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு முதலாளி மோட்டாரை வாரம் முழுக்கக் கொட்டகையில் தூங்க விட்டார். ஆனால் சீசன் தொடங்கிவிட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது. வினை அந்த வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. மேலகரம் தாண்டினால் மலை எதிரே நிற்கும். சாரல் மேகத்துக்கு அடியிலிருந்து சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை எதிரே வந்த மாட்டு வண்டியைக் கிட்டத்தில் வந்த பிறகுதான் இசக்கி பார்த்தான். பிரேக்கை மிதித்த மிதியில், பின்னால் இருந்த முதலாளியின் நெற்றி முன் ஸீட்டில் இடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மைல்கல்லை உரசினான். முதலாளி தீர்ப்பு எழுதிவிட்டார்: இசக்கிக்குக் கண் போய்விட்டது. செங்கோட்டையிலிருந்து ஒரு இளவட்டத்தைப் பேசி முடித்தாயிற்று. நடுவில் ஆடி மாசம் வந்து விழுந்தது இசக்கி செய்த புண்ணியம். ஆடியில் முதலாளி புது விளக்குமாறு கூட வாங்கமாட்டார், புது டிரைவரையா வைப்பார்? ஆவணி ஒன்றாம் தேதி அவன் உள்ளே, இவன் வெளியே.

இசக்கி மோட்டாரைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினான். முன்கண்ணாடியை நிழலில் வைத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. இதில் என்ன குறை என்று கேட்டேன். அவன் வண்டியை வெயிலுக்கு எதிராகத் திருப்பி, என்னை அவன் இடத்தில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். அடேயப்பா! கண்ணாடி முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். அத்தனையும் வெயிலை வாங்கி வெள்ளை வெளேரென்று எரிந்தது. எதிரே நின்ற தேரையே காணோம்.

அவனுக்கு மோட்டார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். கண் போனவன் என்று ஒரு வீட்டிலிருந்து கழித்துவிட்டால், அப்புறம் எந்த வீட்டில் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? அதை அவன் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. அவன் சொன்னது இதுதான்: “எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, கண்ணாடிக்குத்தான் கண்ணு போயிட்டு. இத முதலாளிட்ட சொன்னா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிச் சிரிக்காரு.”

பத்தர் கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் நகை செய்கிற பத்தர் ஒருவர், எனக்குப் பழக்கம். தங்கத்துக்கு மெருகேற்ற அவர் ஒரு சிவப்புப் பொடி வைத்திருப்பார். காவிக்கல்லை மாவாக்கிய பொடி. அதுதான் கண்ணாடிக்கும் ஆகும் என்று எனக்கு ஒரு யோசனை. அவர் கொடுத்த பொடியை ஒரு பழைய கண்ணாடித் துண்டில் வைத்துத் தேய்த்தேன். இருந்த கீறல் அப்படியே இருக்க, கூடவே புதுக் கீறல் விழுந்தது. பொடியில் எங்கோ ஒரு மணல் துகள். தங்கம் பொறுத்துக்கொள்ளும், கண்ணாடி பொறுக்காது.

விடுவேனா? காவிக்கல்லை இடித்தேன், துணியில் சலித்தேன், பானைத் தண்ணீரில் கரைத்தேன். கனத்தது அடியில் தங்கட்டும் என்று சற்று விட்டு, மேலே நிற்கிற செந்தண்ணீரை மட்டும் அடுத்த பானைக்கு இறுத்தேன். அதிலிருந்து அடுத்த பானைக்கு. கடைசிப் பானையில் தங்கியதைக் காய வைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் மாவுக்கும் மெல்லியதாக, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. என் வேட்டி, கை, மீசை எல்லாம் சிவப்பு. தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பத்தர் வந்து பானைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொறுக்காமல் கேட்டே விட்டார்: “வே, நான் பவுனத் தேய்ச்சாலாவது ஒரு துளி தூள் உதிரும். நீரு கண்ணாடியத் தேய்ச்சு என்னத்தவே சேக்கப் போறீரு?”

துரை தொப்பி

பொடி ஆயிற்று. தேய்ப்பதற்குத் துணி அமையவில்லை. பருத்தித் துணி பொடியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. சாக்கு முரடு. கம்பளியில் நூல் நூலாக ஓடி, கண்ணாடியில் வரி விழுந்தது. நெய்யாத கம்பளியாக, மெத்தென்று, அடர்த்தியாக ஒன்று வேண்டும். அப்படி ஒரு பொருளை நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தேன்: குற்றாலத்துக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையின் தலையில்.

நடந்தே குற்றாலம் போய், துரையின் பங்களாவில் சமையல் பார்த்த பட்லரைப் பிடித்தேன். துரை போட்டுக் கழித்த தொப்பி ஒன்று கோழிக்கூட்டுக்கு மேலே மழைக்குக் கவிழ்த்துக் கிடந்தது. கோழிகளின் சம்மதம் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அதை வெந்நீரில் போட்டு அலசி, வட்டம் வட்டமாக வெட்டி, மரக்கட்டையில் ஒட்டினேன். பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டுத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குத் தென்காசி வந்த பட்லர் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தொரை தலையில இருந்த காலத்துல இந்தத் தொப்பி இவ்வளவு வேலை பாத்ததில்ல வே.”

எண்ணெய் எடுத்த டிரைவர்

இசக்கியின் கண்ணாடியில் உடனே கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அது கெட்டால் மாற்றுக் கண்ணாடி கிடையாது. அவன் பிழைப்பு அதோடு போகும். அதனால் முதலில் சீசனுக்கு வந்த மோட்டார்களில் கை பழகத் தீர்மானித்தேன்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். சாத்தூர்ப் பக்கத்து மோட்டார் ஒன்றில் வந்தவர்கள், எண்ணெய்த் தலையோடு வண்டிக்குள் உட்கார்ந்து, கூட்டம் குறையட்டும் என்று கதவுக் கண்ணாடியில் சாய்ந்து தூங்கியிருக்கிறார்கள். கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அவர்கள் குளிக்கப் போன நேரத்தில் அந்த டிரைவர், பொறுப்புள்ள மனுஷன், தேங்காய் நாரையும் ஆற்று மணலையும் வைத்துக் கதவுக் கண்ணாடியைத் தேய்த்துத் தள்ளிவிட்டார். நம் ஊரில் எண்ணெய்ச் சட்டியை அப்படித்தானே தேய்ப்போம்?

மூன்று விரலால் தடவிப் பார்த்தேன். நகத்தில் தட்டவில்லை, மேலோட்டமான கீறல். தண்ணீர் விட்டு, அழுத்தாமல், சூடேற விடாமல் தேய்த்தேன். அவசரப்பட்டு அழுத்தினால் கண்ணாடி சூடாகும். சூட்டில் ‘டப்’ என்று வெடிக்கும். அதனால் கோபம் வந்தபோதெல்லாம் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நிறைய நடந்தேன். சாயங்காலம் துடைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்குக் கைகொள்ளாத சந்தோஷம். மோட்டாரில் வந்தவர்கள் அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சமும் அசராமல் என்னிடம் நியாயம் கேட்டார்: “எண்ணெய எடுக்கச் சொன்னாவ, எடுத்தேன். கண்ணாடிய எடுக்காதன்னு ஒருத்தராவது சொன்னாவளா, நீங்களே கேளுங்க அண்ணாச்சி!”

நாத்தனாருக்குக் காட்ட வேண்டிய கீறல்

பெயர் பரவியது. அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் தம் மனைவியோடு வந்தார். பின் கதவுக் கண்ணாடியில் நீளமாக ஒரே ஒரு கீறல். குற்றாலத்துக் குரங்கு செய்த வேலை என்று குரங்குகளின் ஏழு தலைமுறையையும் வைதார். நகத்தை வைத்துப் பார்த்தேன், தட்டியது. குரங்கு நகத்துக்குக் கண்ணாடியில் இவ்வளவு ஆழமாக இறங்கத் தெம்பு கிடையாது. கீறல் இருந்த உயரத்தையும், உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாளின் முகத்தையும் பார்த்தேன். மூக்கில் வைரப் பேசரி டாலடித்தது. அருவியைப் பார்க்கிற ஆசையில் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பாதை குண்டும் குழியும்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். கணவர் குரங்குகளை விட்டுவிட்டு மனைவியின் மூக்கைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் வந்த மலர்ச்சியை அதற்கு முன்பும் பின்பும் எந்த வாடிக்கையாளரிடமும் நான் பார்த்ததில்லை. விஷயம் என்னவென்றால், அந்தப் பேசரி வைரமில்லை, வெறும் வெள்ளைக்கல் என்று நாத்தனார் கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். நான் தொப்பித் துண்டை எடுத்ததும் அம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டார்: “கைய வைக்காதீங்க! நாத்தனா ஆவணில வாரா. அவ வந்து பாக்குத வரைக்கும் இதுல ஒரு இழை கூட அழியப்பிடாது.”

பாம்பாய் வந்த மாடு

ஆழமான கீறலில் கை பழகும் வாய்ப்பு அப்படிப் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம். அடுத்ததாகக் கீழப்பாவூர் மிராசுதார் ஒருவர் வந்தார். கதவுக் கண்ணாடியில் நகம் தட்டுகிற கீறல். ‘இது கொஞ்சம் கஷ்டம்’ என்றேன். ‘கஷ்டம்னா விட்டிரும்’ என்றார். அந்தச் சொல்தான் எனக்கு ஆகாது. கீறலைக் குறி வைத்து, அந்த ஒரே இடத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். சோற்றை மறந்தேன். வெற்றிலையை மறந்தேன். கடைசியில் கீறல் போயே போய்விட்டது.

மிராசுதார் உள்ளே உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். ஒரே இடத்தில் தேய்த்ததில் அந்த இடம் குழிந்துவிட்டது. குழிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் நெளியும். கீறலை எடுக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி அகலமாக, கண்ணாடி முழுவதையுமே ஒரே சீராக இறக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அதற்கு எத்தனை பாடு! நல்லவேளை, இசக்கியின் கண்ணாடியில் இதை நான் செய்யவில்லை. மிராசுதார் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: “கீறல் போயிட்டு, இல்லைங்கல. ஆனா இது வழியாப் பாத்தா வாற மாடு நெளிஞ்சு நெளிஞ்சு பாம்பாட்டம் வருதுவே. நான் மாட்டுக்கு ஒதுங்கவா, பாம்ப அடிக்கக் கம்பு எடுக்கவா?”

கண் வந்துவிடுமோ?

ஆடி பாதிக்கு மேல் போய்விட்டது. செங்கோட்டை இளவட்டம் ஒரு நாள் வந்து மோட்டாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹாரனை ஒரு தடவை அமுக்கியும் பார்த்துவிட்டுப் போனானாம். இசக்கி அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. இனிக் கை பழகிக்கொண்டிருந்தால் ஆகாது என்று நேரே முதலாளியைப் பார்க்கப் போனேன்.

முதலாளி சாய்வு நாற்காலியில் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. தாம் நினைத்ததுதான் சரி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லாதவர். பக்கத்தில் என்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரன் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அவர் கண் என்றார், நான் கண்ணாடி என்றேன். அவர் வயசு என்றார், நான் வெயில் என்றேன். ‘நிழலில் நிறுத்தி நான் பார்த்தேனே, பளிங்கு மாதிரி இருக்கே’ என்றார். ‘வெயிலில் பாருங்க’ என்றேன். ‘ஓட்டுகிறவன் இடத்தில் போய் நான் உட்காரவா?’ என்று முகம் சுளித்தார். கடைசியில், மோட்டார் சும்மாதானே கிடக்கிறது, கொட்டகையில் வைத்து என்னவும் செய்துகொள்ளும் என்று சம்மதித்தார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து சிரிப்போடு குரல் வந்தது: “ஏம்வே, கண்ணாடியத் தேய்ச்சா இசக்கிக்குக் கண்ணு வந்திருமோ?”

வள்ளியம்மையின் பொடி

கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் இடுக்கில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குச்சியால் நோண்டினேன். செங்கல் பொடி! மோட்டார்க் கண்ணாடிக்குச் செங்கல் பொடி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று வியாழக்கிழமை. மில்லும் வீடும் ஒரே வளவுக்குள். கிணற்றடியில் சமையல்கார வள்ளியம்மை, மறுநாள் வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அதே பொடியோடும் நாரோடும் எழுந்து மோட்டாரை நோக்கி வந்தாள். வியாழக்கிழமைகளில் இசக்கி மில் சரக்கோடு ரயில் ஸ்டேஷனில் இருப்பான். அவனுக்கு இது தெரியாது. மோட்டாரும் வீட்டு லட்சுமிதானே, விளக்கோடு சேர்த்து அதன் முகத்தையும் துலக்கு என்பது முதலாளியம்மாவின் உத்தரவு. வாராவாரம், பக்தியோடு, கைவலிக்கத் தேய்த்திருக்கிறாள் பாவம்.

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் கண்ணாடிக்கு முன்னால் பாய்ந்தேன். செங்கல் பொடியில் மணல் இருக்கிறது, பித்தளை தாங்கும், கண்ணாடி தாங்காது, இனி ஈரத்துணி மட்டும் போதும் தாயே என்று கெஞ்சினேன். வள்ளியம்மை நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். என் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். காவிப்பொடி படிந்த என் கையையும் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க தேய்க்கதும் செவப்புப் பொடி, நான் தேய்ச்சதும் செவப்புப் பொடி. எம்பொடிக்கு மட்டும் என்ன கேடு வந்திட்டுங்கேன்?”

முன் ஸீட்டு முதலாளி

கடையைப் பூட்டிவிட்டு தினமும் கொட்டகையிலேயே கிடந்தேன். மிராசுதாரின் பாம்பு கண் முன்னால் நெளிந்துகொண்டே இருந்ததால், ஒரு இடத்தில் கையை நிறுத்தவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அகலமாக, மெதுவாக. இசக்கி பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். தோள்பட்டை தூக்க முடியாமல் வலித்தது. துரை தொப்பி தேய்ந்து தாளாகிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்த்தால், இசக்கி உட்கார்கிற வலது பாதி மட்டும்தான் முடிந்திருந்தது. இடது பாதி அப்படியே வள்ளியம்மையின் கைவண்ணத்தோடு இருந்தது. மறு வெள்ளிக்கிழமை ஆவணி. இசக்கி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பாதிதானே ஆயிற்று என்றான். பாதிதான் நமக்கு வேண்டும் என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

சாயங்காலம் முதலாளி துண்டோடும் எண்ணெய்க் கிண்ணத்தோடும் வந்தார். பின் கதவைத் திறக்கப் போனவரை மறித்து, முன் ஸீட்டில் இசக்கிக்கு இடது பக்கம் உட்காரச் சொன்னேன். டிரைவருக்குச் சமமாகவா என்று முகம் சிவந்தது. ‘இன்றைக்கு ஒரு நாள் உட்காருங்க. நான் சொன்னது பொய்யானால் ஆவணி வரை எதற்கு, குற்றாலத்திலேயே இவனை இறக்கிவிட்டிருங்க’ என்றேன். இசக்கி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் சோற்றை வைத்தல்லவா நான் பந்தயம் கட்டிவிட்டேன்! முதலாளி என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் வெடித்துக் காவி ஏறிக் கிடந்தது. முன்னால் ஏறினார். அவருடைய பின் ஸீட்டில் நான் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். சாரல் மேகம் மூடிக்கிடந்தது. வெயிலே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று காசி விஸ்வநாதரை வேண்டிக்கொண்டேன். மழை வேண்டாம் வெயில் வேண்டும் என்று குற்றாலம் போகிற வழியில் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மேலகரம் தாண்டியது. மேகத்துக்கு அடியில் ஒரு வாசல் திறந்தது. வெயில் நேரே அடித்தது. முதலாளி முகத்துக்கு முன்னால் கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்தது. “ஏலே நிறுத்து! முன்னால ரோட்டக் காணும்லே!” என்று அலறி, இரண்டு கையாலும் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். இசக்கி வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. “ரோடு இருக்கு முதலாளி. வைக்கோல் பாரம் ஒண்ணு எதுக்க வருது, வண்டிக்காரன் அசந்து தூங்குதான்” என்று சொல்லி ஹாரனை அமுக்கி, பதனமாக ஓரத்தில் ஒதுங்கினான். வைக்கோல் வண்டி பக்கவாட்டில் உரசினாற்போல் கடந்து போன பிறகுதான் முதலாளி அதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார். குனிந்து இசக்கியின் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மலை, மரம், மைல்கல், எல்லாம் எழுதிவைத்த மாதிரி நின்றன. நிமிர்ந்து தம் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மறுபடி குனிந்தார். செங்கோட்டைக்காரனுக்கு வரவேண்டாம் என்று நாளைக்கே ஆள் அனுப்பு என்று ரோட்டைப் பார்த்தே சொன்னார். இசக்கி சக்கரத்தைப் பிடித்த கையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பின்னால் இருந்து நானும் அழுதேன், மறைக்கவில்லை. முதலாளி மறுபடி அந்த வெளுத்த பாதியைப் பார்த்தார். எத்தனை வெள்ளிக்கிழமை பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வந்தோம் என்று எண்ணினாரோ என்னவோ, குரல் இறங்கிப்போய்க் கேட்டார்: “ஏலே இசக்கி, இவ்வளவு நாளும் இதுக்குள்ள பாத்துத்தானாலே என்னயக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போன?”

கண்ணாடி மேல் விழுந்த கீறலைத் துரை தொப்பியும் காவிப்பொடியும் எடுத்துவிடும்; மனுஷன் மேல் விழுந்த பழியை எடுக்க மட்டும், சொன்னவரையே கொண்டுபோய் முன் ஸீட்டில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.